தினமும் பந்தயம் ஓட வேண்டாம்

கேள்வி: எனக்கு 43 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை. ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) சொந்த நிலம் இருக்கிறது, சம்பா போடுகிறோம். நான்கு வருடமாக ஓடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி 8 கிலோமீட்டர் வீதம் 48 நிமிடத்தில் முடிப்பேன். ஞாயிறு 14. காலை 4.45 முதல் 6.15 வரைதான் எனக்கு நேரம், ஞாயிறு மட்டும் கொஞ்சம் தாராளம். அரை மாரத்தானில் (21.1 கிலோமீட்டர்) என் சிறந்த நேரம் 2 மணி 8 நிமிடம். கடைசியாக ஓடியதில் முதல் 5 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் கடந்தேன். 15க்குப் பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பாதி நடந்து 2.21ல் முடித்தேன். ஒரு மாதமாக வலது கணைக்காலின் உள்பக்கம் வலி. வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் (42.2 கிலோமீட்டர்) ஓட ஆசை. இருக்கும் நேரத்துக்குள் முடியுமா? சாப்பாடு, தண்ணீர் எப்படி? மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்: இந்த ஜனவரியில் முழு மாரத்தான் வேண்டாம், ஐயா. அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள். முழு ஓட்டத்துக்கு எந்த மாதம் உங்களுக்குத் தோதுப்படும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நேரம் போதாது என்பதல்ல என் தயக்கம். கால் வலியும், உங்கள் வேலையின் பருவமும்தான்.

அதற்கு முன் உங்கள் கணக்கையே பாருங்கள். 8 கிலோமீட்டர் 48 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். உங்கள் சிறந்த அரை மாரத்தான் 2.08, அதில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 4 நொடி. அதாவது வாரத்தில் மூன்று நாள், வேலைக்குப் போகும் முன், வாழ்நாள் சிறந்த பந்தயத்தைவிடச் சற்று அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த நடுத்தர வேகம் ஒரு பொல்லாத வேகம். முடித்ததும் வியர்த்து, 'இன்று நன்றாக ஓடினோம்' என்ற திருப்தி வரும். ஆனால் தசைக்குள் நுண்ரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதும், எலும்பும் தசைநாரும் உறுதிப்படுவதும் மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது நன்றாகவே நடக்கும். அதற்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. மேல்மட்ட வேகத்தைக் கூட்டவோ இது போதாது. அலுப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. நார்வேயில் பணிபுரியும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் சீலர், உயர்மட்ட வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மெதுவாகவே செய்கிறார்கள் என்று காட்டினார். வாரம் நான்கு மணி நேரம் ஓடுகிற உங்களுக்கும் எனக்கும் அந்த 80 என்ற எண் வேதமல்ல. ஆனால் நான்கு ஓட்டத்தில் மூன்று மெதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மெது என்றால் எவ்வளவு? உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 10 நொடி முதல் 7.40 வரை. கடிகாரத்தைவிட வாயை நம்புங்கள்: பக்கத்தில் வருபவரிடம் நெல் ஈரப்பதம் பற்றி முழு வாக்கியமாக, நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். இரண்டு இரண்டு வார்த்தையாக வந்தால் வேகம் அதிகம். மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டை தளர்வாக இருந்தால் அது காலடி எண்ணிக்கையைத் துடிப்பாகக் காட்டிவிடும். நிமிடத்துக்கு 165, 170 என்று அசையாமல் நின்றால் அப்படித்தான். முதல் மூன்று வாரம் கூச்சமாக இருக்கும். குளத்தங்கரையில் வேக நடை போடுபவர் உங்களோடு ஒட்டியே வருவார். வரட்டும்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செப்டம்பர் விடியற்காலையில் வெப்பம் 25, 26 டிகிரிதான் இருக்கும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர், வயலில் தண்ணீர், காற்றில் அசைவில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே அது சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அதிகம் போக, காலுக்குப் போவது குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஆகவே புழுக்கமான நாளில் 7.50 என்று வந்தாலும் அது மெது ஓட்டம்தான், தோல்வியல்ல. மார்கழியில் அதே உழைப்புக்கு 15, 20 நொடி தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

இப்போது கால் வலி. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, பரவலாக வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது எலும்பின் மேலுறையும் தசைப் பிடிமானமும் பளு தாங்காமல் எரிச்சலுற்ற நிலை. ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்பிளின்ட்' என்பது இதைத்தான். அப்படியல்லாமல் விரல் நுனி அளவே உள்ள ஓரிடத்தில் 'இங்கேதான்' என்று சுட்டிக்காட்டுமளவு வலித்தால், அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று ஓடப் போய் முழு முறிவில் முடிந்தவர்கள் உண்டு. வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவைப்படும்.

முதல் வகைதான் என்றால் முழு ஓய்வு தேவையில்லை. முதல் இரண்டு வாரம் 38 கிலோமீட்டரை 19 ஆக்குங்கள்: 6, 6, 7, மூன்றும் மெதுவாக. ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை படுக்கையைவிட்டு இறங்கும்போது அதிகரித்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று மீறினாலும் அடுத்த ஓட்டத்தை விட்டுவிட்டு 40 நிமிடம் சைக்கிள் மிதியுங்கள். மூன்றாம் வாரம் 25, நான்காம் வாரம் 30.

கூடவே கெண்டைக்கால் பயிற்சி. இதுதான் மருந்து, தைலமும் க்ரேப் பேண்டேஜும் அல்ல. வாசற்படி ஓரத்தில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, இரண்டு நொடியில் மேலே எழும்பி, மூன்று நொடி எடுத்து குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக வைத்து 15, சற்று மடக்கி வைத்து 15. இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்காலை மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தட்டைத் தசைக்கு வேலை கொடுப்பது அதுதான். ஓடும்போது பெரும்பளு தாங்குவதும் அதுதான். இரண்டு வாரத்தில் எளிதாகிவிடும். பிறகு ஒற்றைக் காலில். அதுவும் எளிதானால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

காலணி 600 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். உங்கள் அளவுக்கு நான்கு, ஐந்து மாதம். வாங்கிய மாதத்தை நாக்குப் பகுதியில் பேனாவால் எழுதி வையுங்கள். நினைவில் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கி இருக்கும் நேரம் அது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக்கு இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. நனைந்த காலணியின் உள்தளத்தை எடுத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைத்தால் அடிப்பாகத்து நுரை இறுகி ஒட்டு விட்டுப்போகும்.

வாரத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாம். செவ்வாய் 8 அல்லது 9 கிலோமீட்டர், இதுதான் வாரத்தின் ஒரே கடினமான நாள். வியாழன் 7 மெதுவாக. சனி 6 மெதுவாக. முடியும்போது 20 நொடி விரைவு ஓட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் நடை. விரைவு என்றால் தலைதெறிக்க அல்ல, தோள் தளர்ந்து கால் லேசாகச் சுழலும் வேகம். ஞாயிறு லாங் ரன் என்ற நீண்ட ஓட்டம், 16 முதல் 21 வரை. திங்களும் புதனும் அந்தப் படிக்கட்டுப் பயிற்சியோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட், முழங்கை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் எல்லாம் சேர்த்து 20 நிமிடம். வெள்ளி தூங்குங்கள். கிலோமீட்டர் ஏறக்குறைய இப்போது ஓடுவதுதான். வேகம் குறைவதால் வாரத்துக்குச் சுமார் 50 நிமிடம் கூடுதலாகும், அது பெரும்பாலும் ஞாயிறில் போய்விடும். 18 கிலோமீட்டருக்கு 2 மணி 12 நிமிடம் ஆகும். அன்று 4.30க்கே கிளம்பிவிடுங்கள்.

செவ்வாய்க் கடின ஓட்டத்துக்கு மன்னார்குடியில் இருப்பவர்களுக்கு ஹரித்ராநதி தெப்பக்குளத்தைவிட நல்ல இடம் கிடையாது. குளம் 1,158 அடி நீளம், 837 அடி அகலம் என்பது புத்தகக் கணக்கு. நான்கு கரைத் தெருக்களையும் சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டரை ஒட்டி வரும். உங்கள் கடிகாரத்தில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து: ஒரு சுற்று மெதுவாக, அடுத்து மூன்று சுற்று கடினமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் மிக மெதுவான ஓட்டம், கடைசியில் ஒரு சுற்று மெதுவாக. கடினச் சுற்று கிலோமீட்டருக்கு 5.50 வேகம், அதாவது சுற்றுக்கு ஏழேகால் நிமிடம். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றைக் கூட்டி ஐந்து வரை போகலாம். மூன்றாவது சுற்று முதல் சுற்றைவிட மெதுவானால் முதலாவதை வேகமாக ஓடிவிட்டீர்கள் என்று பொருள். ஒருநாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் சுற்றுங்கள். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால், சாலையின் சரிவும் சேர்ந்து, ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கத் தொடங்கும். உங்கள் கணைக்கால் வலி வலது பக்கம் மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெது ஓட்டத்துக்குப் பாமணி ஆற்றங்கரை மண்சாலை கான்கிரீட்டைவிடக் காலுக்கு இதம். ஆனால் விடிந்த பிறகு மட்டும். மழைக்காலத்தில் வரப்பிலும் கரையிலும் கண்ணாடி விரியன் ஏறிப் படுத்திருக்கும், இருட்டில் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தவிர, மழை பெய்த கரைக் களிமண் காலணிக்கு அரைக் கிலோ எடை கூட்டும், சறுக்கும். இருட்டில் ஓடுவது தெருவிளக்கு உள்ள இடத்தில், எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம், ஒளி பிரதிபலிக்கும் பட்டையோடு இருக்கட்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்ல நடந்து விலகுங்கள். பல் பட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தவணையை நடுவில் விடக் கூடாது.

இனிப் பருவக் கணக்கு. செப்டம்பர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை 18 வாரம் கிடைக்கிறது. சாதாரணமாகப் பயிற்சி அட்டவணை போடுபவர்கள் பத்தாவது வாரத்திலிருந்து பளுவை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். உங்களுக்குப் பத்தாவது, பதினோராவது வாரம் நவம்பர் நடுவில் வருகிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக் கெடு நெருங்க, அடங்கலும் (பயிர் விவரச் சான்று) பாஸ்புக்குமாகச் சங்க வாசலில் வரிசை நிற்கும் நேரம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் உச்சம். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. முழு மாரத்தானுக்கு 28, 30, 32 கிலோமீட்டர் லாங் ரன்களை இந்த வாரங்களில்தான் போட்டாக வேண்டும். உங்கள் வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குச் சங்கத்திலிருந்து திரும்புகிறவர் ஆறாத காலோடு அதைச் செய்தால் ஜனவரியில் நிற்பது தொடக்கக் கோட்டில் அல்ல, பிசியோதெரபி வாசலில்.

அரை மாரத்தானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நவம்பர் நடு இரண்டு வாரத்தை முன்கூட்டியே 'தாங்கும் வாரம்' என்று குறித்துவிடுங்கள். மூன்றே ஓட்டம்: ஒரு 30 நிமிட மெது ஓட்டம், இரண்டு கடினச் சுற்றுகளோடு ஒரு 35 நிமிடம், ஞாயிறு 80 நிமிடம். தூரத்தைப் பாதிக்கு மேல் குறைத்தாலும் கொஞ்சம் வேகத்தை விடாமல் வைத்திருந்தால் உடற்தகுதி பல வாரம் இறங்காது. இரண்டு வாரம் ஒரு பொருட்டே இல்லை. விட்டுப்போன ஓட்டத்தை மறுவாரம் சேர்த்து ஓடாதீர்கள்; காயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய காலையில் கடின ஓட்டம் வேண்டாம், மெதுவாக 30 நிமிடம் போதும் அல்லது தூங்குங்கள்.

வயல் வேலையும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்டை வெட்டிய நாளும், நடவுக்குச் சேற்றில் நாலு மணி நேரம் நடந்த நாளும், கெண்டைக்காலுக்கும் பின்தொடைக்கும் ஒரு கடின ஓட்டத்துக்குச் சமம். சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதே தனிப் பயிற்சி. முதுகில் 16 லிட்டர் ஸ்பிரேயரைச் சுமந்து மருந்து அடித்தால் இடுப்புக்கும் அப்படித்தான். அதற்கு மறுநாள் செவ்வாயாக இருந்தாலும் கடின ஓட்டத்தை வியாழனுக்குத் தள்ளுங்கள். மருந்து அடித்த அன்று மாலை ஓட வேண்டாம்.

டிசம்பரில் உங்கள் கை ஓங்கும். வேலை தணியும், காலை குளிரும். முதல் மூன்று ஞாயிறு 18, 20, 21 கிலோமீட்டர். இருபதும் இருபத்தொன்றும் ஓடும்போது கடைசி 6 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 5.55 வேகத்தில் ஓடுங்கள். அலுத்த காலில் பந்தய வேகம் எப்படி இருக்கும் என்று உடம்பு தெரிந்துகொள்ளும். அடுத்த ஞாயிறு 14, பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு 10. கடைசி வாரம் செவ்வாயில் ஒரே ஒரு கடினச் சுற்று, பிறகு ஆங்காங்கே 20 நிமிடம்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டீர்கள். அவரவர் வியர்வை அவரவருக்கு. ஒரு மணி நேரம் ஓடும் முன் உள்ளாடையோடு எடை பாருங்கள், எதுவும் குடிக்காமல் ஓடிவிட்டு வந்து வியர்வையைத் துடைத்து மறுபடி பாருங்கள். 66 கிலோ 64.9 ஆனால் மணிக்கு 1.1 லிட்டர் வியர்க்கிறது. அதை முழுக்க ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறு ஏற்காது. மணிக்கு 400 முதல் 600 மில்லி, சிறு மிடறுகளாக. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்து எடை கூடும் அளவுக்குப் போவது அதைவிட ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகும்.

90 நிமிடத்துக்கு மேல் ஓடும் நாளில் தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் வேண்டும். மருந்துக்கடை ஓஆர்எஸ் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் கொண்டது. வயிற்றுப்போக்குக்காகச் செய்யப்பட்ட கலவை அது. உப்பு போதும், எரிபொருளாகச் சர்க்கரை போதாது. வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரில் 45 கிராம் சர்க்கரை, தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. இதற்கு மேல் இனிப்பு கூட்டினால் வயிறு கலங்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்த பின் ஒரு சிட்டிகை உப்போடு குடிக்க நல்லது. ஓடும்போது மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும்: ஒரு ஜெல் (ஓட்டக்காரர்களுக்கான இனிப்புக் கூழ்ப் பாக்கெட்), அல்லது ஐந்தாறு சிறு பேரீச்சை. கடலை மிட்டாய் வேண்டாம். வாய் உலர்ந்திருக்கும்போது மென்று விழுங்க முடியாது, அதில் உள்ள கொழுப்பு வயிற்றிலேயே தங்கும். எதுவானாலும் மூன்று லாங் ரன்னிலாவது சாப்பிட்டுப் பார்க்காததைப் பந்தயத்தில் தொடாதீர்கள்.

சாதாரண நாளில் கிளம்பும் முன் பால் இல்லாத காப்பியும் பாதி வாழைப்பழமும் போதும். ஞாயிறு முழுப்பழம், முந்தைய இரவு இட்லியோ சோறோ வயிறு நிறைய. முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் காலை உணவு. பழைய சோறும் மோரும் தண்ணீருக்கும் உப்புக்கும் அருமை, ஆனால் புரதம் பற்றாது. இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்தால் 25 கிராம் வந்துவிடும்.

கெண்டைக்கால் பிடித்ததற்கு உப்புக் குறைவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் அதை நான் இரண்டாவது காரணமாகத்தான் வைப்பேன். முதல் 5 கிலோமீட்டரை 5.24 வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள், உங்கள் சிறந்த வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 40 நொடி கூடுதல். பழகாத வேகத்தில் அலுத்த தசை 15க்குப் பிறகு இழுத்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே ஜனவரியில் ஓட்டத் திட்டம் இது: முதல் 5 கிலோமீட்டர் 30 நிமிடம். கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், விடாதீர்கள். அடுத்த 11 கிலோமீட்டர் 5.50 வீதம். 16ஆவது கிலோமீட்டரில் ஒரு மணி 34 நிமிடம் காட்ட வேண்டும். அங்கே தெம்பு இருந்தால் மீதி 5.45க்கு. 2.03 அல்லது 2.04ல் முடிப்பீர்கள். வளைவுகளில் எல்லோரும் உள்விளிம்பில் ஓட முடியாது, ஜிபிஎஸ் பிழையும் உண்டு; கடிகாரம் கடைசியில் 21.1க்குப் பதில் 21.3 அல்லது 21.4 காட்டும். எனவே அதில் தெரியும் கிலோமீட்டர் நேரம் இலக்கைவிட மூன்று, நான்கு நொடி குறைவாக இருக்கட்டும், சாலையோரக் கிலோமீட்டர் பலகையில் நேரத்தைச் சரிபாருங்கள். 40ஆவது நிமிடத்தில் ஒரு ஜெல், 80ஆவது நிமிடத்தில் இன்னொன்று, தண்ணீர் நிலையத்துக்குச் சற்று முன்னால். தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாசலின், மார்க்காம்பில் டேப். பனியன் துணி வேண்டாம். வலிக்கும் என்று பயந்து முன்கூட்டி டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். உடல் வறண்ட நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

பந்தயத்துக்கு முந்தைய இரவை ரயிலில் கழிக்கக் கூடாது. வெள்ளி இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலை சென்னையில் இருப்பீர்கள். பெரிய ஓட்டங்களில் பிப் எண்ணை (மார்பில் குத்தும் எண் அட்டை) பந்தயக் காலையில் தரமாட்டார்கள், முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும். சனிக்கிழமைக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூட்டு விஷயம். 2017ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதமாகவும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதமாகவும், போட்டி வீரர்களில் 13.3 சதவீதமாகவும் இருந்தது. ஓடுவதுதான் காத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுகிறார்கள். ஆனால் உங்கள் அளவுக்கு ஓடினால் தேயும் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. வீட்டில் காட்டுங்கள். அவர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு: 43 வயதில் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, இசிஜி இந்த மாதமே பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி, கண் இருட்டுவது எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாயு என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

முழு மாரத்தானுக்கு உங்கள் பருவத்தோடு ஒத்துப்போவது பிப்ரவரி கடைசியில் டெல்லியில் நடக்கும் ஓட்டம் என்பது என் கருத்து. வரும் பிப்ரவரி அல்ல, அதற்கு அடுத்த பிப்ரவரிக்குக் குறிவையுங்கள். 28 முதல் 32 வரையிலான லாங் ரன்கள் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய வரும். காப்பீட்டுக் கெடு முடிந்திருக்கும், மழை குறைந்திருக்கும், வருடத்திலேயே குளிர்ந்த காலைகள் அவை. அறுவடை நடுவில் வரும், ஆனால் ஒன்பது மாவுக்கு இயந்திரம் ஒரு நாள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு வாரத்தை 'தாங்கும் வாரமாக' ஒதுக்கினால் போதும். அதற்குள் அரை மாரத்தானை 2.04க்குக் கொண்டுவந்துவிட்டால் முழுதுக்கு நியாயமான இலக்கு 4 மணி 20 நிமிடத்தை ஒட்டி: அரையை இரண்டால் பெருக்கி 10, 15 நிமிடம் கூட்டுங்கள். அதுவும் கணைக்கால் வலி இல்லாமல் அக்டோபருக்குள் வாரம் 45 கிலோமீட்டரை எட்டு வாரம் தொடர்ந்து ஓடியிருந்தால்தான். இல்லையென்றால் டெல்லிக்கும் பெயர் கொடுக்காதீர்கள்.